தசமபாகம் மொத்தச் சம்பளத்திலா, கைக்கு வருவதிலா? ஏழைக்குக் கொடுத்தது அதில் சேருமா?

#1 செக்காலை ரோட்டான் | சனி, இரவு 10.15

எல்லாருக்கும் வணக்கம், நம்ம ஆட்களுக்கு ஸ்தோத்திரம்.

காரைக்குடியில் தனியார் நிறுவனத்தில் வேலை. நான் சி.எஸ்.ஐ. (தென்னிந்தியத் திருச்சபை), வீட்டம்மா தேவகோட்டை ஆர்.சி. (கத்தோலிக்க) குடும்பம். கல்யாணமான ஒன்பது வருஷத்தில் நாங்கள் சண்டை போடாத விஷயமே இல்லை என்று நினைத்திருந்தேன். ஒன்று மிச்சம் இருந்திருக்கிறது.

போன ஞாயிறு ஆராதனையில், வருமானத்தில் பத்தில் ஒன்றைக் கடவுளுக்குக் கொடுக்கிற தசமபாகத்தைப் பற்றிப் பேசும் மல்கியா 3. "மனுஷன் தேவனை வஞ்சிக்கலாமா?" என்ற வசனத்தை ஆயர் மூன்று தடவை வாசித்தார். மூன்றாவது தடவை என் பெஞ்சைப் பார்த்து வாசித்த மாதிரி இருந்தது. இருக்காது, ஆனால் எனக்கு அப்படித்தான் பட்டது. என் கணக்கு அப்படி. மொத்தச் சம்பளம் 44,000. பி.எஃப்., மற்ற பிடித்தம் போய்க் கைக்கு 38,600. வீட்டுக் கடன் தவணை 11,200. பிள்ளைகள் இரண்டு பேருக்கும் ஃபீஸ், வேன். அம்மாவுக்குச் சர்க்கரை, பிரஷர் மாத்திரை மாதம் 2,300. சபைக்கு 1,000 கொடுக்கிறேன். வாசலுக்கு வருகிறவர்கள், ஆஸ்பத்திரிச் செலவு என்று கேட்கிறவர்கள், இப்படி ஒரு 500 போகும், எழுதி வைப்பதில்லை.

பத்தில் ஒன்று என்றால் மொத்தத்தில் 4,400. கைக்கு வருவதில் 3,860. இந்த 540 ரூபாய்க்குப் பதில் கேட்கத்தான் முதலில் இங்கே வந்தேன். நான் டைப் அடிப்பதைப் பார்த்துவிட்டு வீட்டம்மா வேறொன்று கேட்டாள்: "வாசலில் கொடுத்ததும் அத்தை மாத்திரையும் அதில் சேருமா, சேராதா?" சேரும் என்றால் 3,800 வந்துவிட்டது, இன்னும் 60 ரூபாய்தான் பாக்கி. சேராது என்றால் 2,860 பாக்கி, அதுவும் மாதா மாதம்.

சிரிக்காமல் பதில் சொல்லுங்கள்.

#2 ஆட்டோ சாட்சி | சனி, இரவு 10.40

பிரதர், சந்தேகமே வேண்டாம், மொத்தத்தில்தான். "உன் எல்லா விளைவின் முதற்பலனாலும்" என்றுதான் நீதிமொழிகள் 3:9. பிடித்தம் போக மிச்சத்தில் என்று அங்கே இல்லை. நான் ஆட்டோ ஓட்டுகிறேன், 12 வருஷமாகத் தசமபாகம் தவறியதில்லை. ராத்திரி வண்டியை நிறுத்தியதும் டீசல் காசைத் தனியே எடுத்து வைத்துவிட்டு, மிச்சத்தை எண்ணிப் பத்தில் ஒன்றைப் பழைய ஹார்லிக்ஸ் பாட்டிலில் போட்ட பிறகுதான் சாப்பாட்டில் கை வைப்பேன். ஊரடங்கு நாளில் 30 ரூபாய் ஓடிய அன்றும் 3 ரூபாய் போட்டேன். ஒரு நாளும் குறைந்து போகவில்லை. கணக்குப் பார்த்துக் கொடுத்தால் கணக்குப் பார்த்துத்தான் கிடைக்கும்.

அம்மா மாத்திரை தசமபாகத்தில் வராது பிரதர். அது பிள்ளையின் கடமை.

#3 ஓய்வுபெற்ற கணக்கர் | சனி, இரவு 11.05

ஆட்டோ தம்பி, டீசல் காசை எடுத்து வைத்த பிறகுதானே பத்தில் ஒன்று போடுகிறீர்கள்? அப்படியானால் 12 வருஷமாக நிகரத்தில் கொடுத்துவிட்டு இவரை மொத்தத்தில் கொடுக்கச் சொல்கிறீர்கள்! குற்றம் சொல்லவில்லை. செய்தது சரிதான், சொன்னதுதான் இடிக்கிறது.

செக்காலையாருக்கு: பிடித்த பி.எஃப்.புக்கு இப்போதே கொடுத்தால், ஓய்வு பெற்று எடுக்கும்போது மறுபடி கொடுக்க வேண்டாம். இப்போது கொடுக்காவிட்டால் அப்போது கொடுங்கள். கணக்கு அவ்வளவுதான். இதில் ஆன்மிகம் ஒன்றும் இல்லை.

ஆனால் அந்தப் "பத்தில் ஒன்று" எதன் மேல் போட்டது என்று பாருங்கள். லேவியராகமம் 27இல் நிலத்தின் விளைச்சல், மரத்தின் கனி, ஆடு மாடு. மாதச் சம்பளக்காரன் அந்தப் பட்டியலிலேயே இல்லை. அதை வாங்கியவர்கள் ஆலய ஊழியம் பார்த்த லேவியர். அவர்களுக்கு நிலத்தில் பங்கு கிடையாது என்பதால் அந்த ஏற்பாடு. வாங்கியதில் பத்தில் ஒன்றை அவர்களும் எடுத்துக் கொடுக்க வேண்டும் (எண்ணாகமம் 18:26). உபாகமம் 14இல் இன்னொரு தசமபாகம்: பண்டிகைக்கு எடுத்துக்கொண்டு போய்க் குடும்பத்தோடு தின்று தீர்க்க வேண்டியது. தூரம் அதிகமென்றால் விற்றுக் காசாக்கி, போன இடத்தில் ஆடோ மாடோ திராட்சரசமோ மதுவோ இஷ்டப்பட்டதை வாங்கிச் சாப்பிடலாம் என்று 26ஆம் வசனம். எனக்கு 71 வயது, இந்த வசனத்துக்கு ஒரு பிரசங்கம் கேட்டதில்லை. 28, 29ஆம் வசனங்களில், மூன்றாம் வருஷத்துத் தசமபாகத்தை ஊருக்குள்ளேயே வைக்கச் சொல்கிறது. லேவியன், அந்நியன், அநாதை, விதவை வந்து வயிறாரச் சாப்பிடுவதற்கு.

ஆகவே ஏழை அதில் சேருவானா என்று கேட்டால், எழுதியவர்களே சேர்த்திருக்கிறார்கள். எல்லாத் தசமபாகத்தையும் தனித்தனியாகக் கூட்டினால் வருஷத்துக்குச் சராசரி 20 சதவீதத்தைத் தாண்டும் என்று ஒரு கணக்கும் உண்டு. பழைய ஏற்பாட்டைத்தான் பிடிப்பேன் என்றால் 10இல் நிற்கக் கூடாது என்பதற்காகச் சொன்னேன்.

#4 ரசீது எங்கே | சனி, இரவு 11.20

வருமான வரிக் கழிவுக்கு 80ஜி ரசீது கிடைக்குமா, அதைச் சொல்லுங்கள் முதலில்.

#5 ஓய்வுபெற்ற கணக்கர் | சனி, இரவு 11.31

சபைக் காணிக்கைக்குப் பொதுவாகக் கிடைக்காது. பதிவு பெற்ற அறக்கட்டளை என்றால் கிடைக்கும், ஆனால் 2,000 ரூபாய்க்கு மேல் ரொக்கமாகக் கொடுத்தால் செல்லாது. நீங்கள் புதிய வரி முறையில் இருந்தால் 80ஜி கழிவே கிடையாது. வரிக்காகக் கொடுக்கிறவர்கள் இந்த இழையை இத்துடன் மூடிவிடலாம்.

#6 தேவகோட்டை டீச்சர் | ஞாயிறு, காலை 11.50

பூசை முடிந்து வந்து வாசித்தேன். எங்கள் கத்தோலிக்கர் பக்கம் பத்து சதவீதம் என்று சட்டமே இல்லை தம்பி. திருச்சபையின் தேவைகளுக்கு அவரவர் வசதிக்கு ஏற்ப உதவ வேண்டும், அவ்வளவுதான். திருச்சபைச் சட்டத் தொகுப்பின் 222ஆவது சட்டம் இரண்டு கடமை சொல்கிறது: திருச்சபைக்கு உதவுவது ஒன்று, சொந்தச் சம்பாத்தியத்திலிருந்து ஏழைகளுக்கு உதவுவது இன்னொன்று. ஒன்றைக் காட்டி மற்றதைக் கழித்துக்கொள்ள முடியாது. எங்களில் பாதிப் பேர் வருஷத்துக்கு ஒரு தடவை கோயில் வரி கட்டிவிட்டு, உண்டியலில் பத்து ரூபாய் போட்டுவிட்டு, "நாங்கள் தசமபாகக்காரர்கள் இல்லை" என்று பெருமையாகத் திரிகிறோம் என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

உங்கள் வீட்டம்மா கேட்டதைக் கேட்டதும் என் அப்பத்தா ஞாபகம் வந்தது. அவர் சி.எஸ்.ஐ. வீட்டில் பிறந்து எங்கள் வீட்டுக்கு வந்தவர். மதம் மாற்றியும் பிடியரிசியை மாற்ற முடியவில்லை என்று ஐயா கேலி செய்வார். அடுப்புக்குப் பக்கத்தில் ஒரு பனையோலைக் கொட்டான் இருக்கும். உலைக்குப் படியால் அளந்து போட்டதும், அளந்த அரிசியிலிருந்து ஒரு கைப்பிடி எடுத்துக் கொட்டானில் போடுவார். பானையிலிருந்து எடுக்க மாட்டார், கவனியுங்கள், அளந்ததிலிருந்து. "பானையில எடுத்தா நமக்குக் குறையாதுல்ல" என்பார். ஆளுக்கு ஒரு வாய் குறைவாகச் சாப்பிடுவோம். எங்களுக்குத் தெரியக்கூடத் தெரியாது.

சனிக்கிழமை தெருவில் ஏழெட்டு வீட்டுக் கொட்டான் ஒன்று சேரும். ஒரு வீட்டில் புழுங்கல், ஒரு வீட்டில் பச்சரிசி, ஒரு வீட்டில் ரேஷன் அரிசி. சேர்த்துச் சோறாக்கினால் பாதி குழையும், பாதி விறைப்பாக நிற்கும். அதனால் கஞ்சியாகத்தான் காய்ச்ச முடியும். கருவாட்டுத் துண்டோ துவையலோ வைத்துத் தெருக்கோடியில் ஊற்றுவார்கள். என்ன சதவீதம் என்று அப்பத்தாவைக் கேட்டிருந்தால் கரண்டியால் அடித்திருப்பார்.

#7 புதுவயல் மில் | ஞாயிறு, மதியம் 1.10

டீச்சர் அரிசிக் கதை சொன்னதால் நானும் ஒன்று சொல்கிறேன். எங்கள் மில்லில் முன்பு நெல் அவித்துக் களத்தில் காயப் போடுவோம். ஓரத்தில் சிதறுவதைக் கூட்டுகிற பெண்கள் முந்தானையில் கட்டிக்கொண்டு போவார்கள். ஐயா காலத்தில் அதைக் கேட்கவே கூடாது என்று கட்டளை. லேவியராகமம் 19:9, வயலின் ஓரத்தைத் தீர அறுக்காதே, சிந்தினதைப் பொறுக்காதே என்பதை அவர் களத்துக்குப் பொருத்திக்கொண்டார். அது கொடுப்பதும் இல்லை, கேட்பதும் இல்லை. சும்மா விட்டுவிடுவது.

இப்போது டிரையர் போட்டாகிவிட்டது. களமே கிடையாது, ஒரு மணி சிதறாது. வயலிலும் அறுப்பு மிஷின் ஓரம் வரை வழித்துவிடுகிறது. வேதத்தில் சிந்திய கதிர் பொறுக்கிப் பிழைத்த ரூத் இன்றைக்கு எங்கள் ஊருக்கு வந்தால் வெறுங்கையோடுதான் திரும்ப வேண்டும். டிரையர் மாட்டிய வருஷம் கூட்டுகிற அம்மாக்கள் நாலு பேர் வேலையிலிருந்து நின்றார்கள், சிதறுவதும் நின்றது. இரண்டும் ஒரே நாளில் நடந்ததால் எனக்கே உறைக்கவில்லை. ஆறு மாதம் கழித்து வீட்டம்மா சொல்லித்தான் தெரிந்தது. அதற்குப் பிறகு மாதம் இத்தனை மூட்டை என்று எழுதி வைத்துக் கொடுக்கிறேன். தானாகச் சிதறாத காலத்தில் அளவு வைக்காமல் முடியாது என்பது என் கட்சி. அது பத்தா பதினைந்தா என்பதைப் படித்தவர்கள் பேசிக்கொள்ளுங்கள்.

#8 உறை எண் 214 | ஞாயிறு, மாலை 6.25

நான் கொஞ்சம் கசப்பாகத்தான் எழுதப் போகிறேன், மன்னிக்கவும்.

நான் போய்க்கொண்டிருந்த ஒரு சபையில் தசமபாக உறை உண்டு. உறையின் மேல் பெயர், குடும்ப எண், மாதம். என் எண் 214. வருஷக் கடைசியில் யார் எவ்வளவு என்று பட்டியல் ஒட்டுவார்கள். என் பெயர் எப்போதும் கீழே இருக்கும். ஒரு விசேஷக் கூட்டத்தில் வெளியூர் ஊழியர் வந்தார். "25,000 விதைக்கிறவர்கள் எழுந்து நில்லுங்கள், இந்த வருஷம் நூறு மடங்கு அறுப்பீர்கள்" என்றார். எழுந்து நின்றேன். கையில் காசு இல்லை. மறுநாள் மகளின் கம்மலையும் என் செயினையும் அடகு வைத்துக் கட்டினேன். வீட்டுக்காரருக்குச் சொல்லவில்லை. ஒரு வருஷம் கழித்து ஏல நோட்டீஸ் வந்த அன்றுதான் அவருக்குத் தெரிந்தது. அவர் திட்டவில்லை. அதுதான் தாங்கவில்லை. "ஏழைக்குக் குடுத்திருந்தா ஒருத்தன் வீட்டுல அடுப்பாவது எரிஞ்சிருக்கும்" என்று மட்டும் சொன்னார்.

குறைந்து போகவில்லை என்று ஆட்டோ அண்ணன் எழுதியிருக்கிறார். எனக்குக் குறைந்து போனது.

#9 ஆட்டோ சாட்சி | ஞாயிறு, இரவு 9.50

சிஸ்டர், வண்டியில் இருந்தபடியே வாசித்தேன், ஒரு சவாரியை விட்டுவிட்டேன். உங்களிடம் அப்படிக் கேட்டது தப்பு. நகையை அடகு வைத்துக் கொடு என்று வேதத்தில் எங்கும் இல்லை. "விசனமாயுமல்ல, கட்டாயமாயுமல்ல, தன் மனதில் நியமித்தபடியே" என்றுதான் பவுல் எழுதுகிறார், 2 கொரிந்தியர் 9:7. எழுந்து நிற்கச் சொன்னாலே கட்டாயம்தான்.

குறைந்து போகவில்லை என்று நான் சொன்னது என் சாட்சி. சட்டம் மாதிரி எழுதிவிட்டேன்.

கணக்கர் ஐயாவுக்கு: டீசல் விஷயம் என் மனைவியிடம் சொன்னேன். இன்னும் சிரித்துக்கொண்டிருக்கிறாள்.

#10 மகமை | திங்கள், காலை 7.30

நான் கிறிஸ்தவன் இல்லை, நகரத்தார் வீடு, பள்ளத்தூர். படித்தது மட்டும் தேவகோட்டை தே பிரித்தோ பள்ளிக்கூடத்தில். அனுமதி உண்டென்றால் ஒரு வார்த்தை.

பழைய தொழில் கணக்குப் புத்தகங்களில் மகமை என்று தனிப் பற்று இருக்கும். லாபத்தைப் பங்கு பிரிக்கும் முன்பே தர்மத்துக்கு என்று ஒரு தொகை ஒதுக்கி, சாமி பெயரில் வரவு வைத்துவிடுவார்கள். எங்கள் அப்பச்சி வழக்கில் அந்தக் காசு "கொடுத்த" காசு இல்லை, முதலிலிருந்தே நம்முடையதாக இல்லாத காசு. அவசரத்துக்குக்கூடக் கை வைக்க மாட்டார்கள். அது போகக் கல்யாணமான ஒவ்வொரு தம்பதியும் ஒரு புள்ளி; கோயிலுக்குப் புள்ளி வரி. பணக்காரப் புள்ளி, ஏழைப் புள்ளி என்று பார்க்காமல் ஒரே தொகை வைப்பதும் உண்டு. ஆக நம்மிடம் இரண்டு முறையும் இருந்திருக்கிறது: ஆளுக்கு இவ்வளவு என்பது கோயிலுக்கு, வருமானத்துக்கு ஏற்றபடி என்பது தர்மத்துக்கு.

காசியில் சத்திரம் கட்டியதும் அழகப்ப செட்டியார் செய்ததும் வேறு வேறு மாதிரி. காரைக்குடி மின்வேதியியல் ஆய்வகத்துக்கு அவர் 300 ஏக்கரும் 15 லட்சமும் கொடுத்தார். 1948இல் நேரு வந்து அடிக்கல் நாட்டினார். அதில் எத்தனை சதவீதம் என்று எவரும் கேட்கவில்லை. ஆனால் அவரைப் பார்த்து எல்லாரும் கொடுத்துவிடவும் இல்லை. எங்களில் வீட்டுக்குத் தேக்கும் இத்தாலிச் சலவைக்கல்லும் இறக்கிவிட்டு மகமையில் கை நடுங்கியவர்களும் இருந்திருக்கிறார்கள். அந்த வீடுகளைத்தான் இப்போது டிக்கெட் வாங்கிப் பார்க்கிறார்கள்.

ஒன்று கேட்க வேண்டும். ஏழைக்குக் கொடுத்தால் கடவுளுக்குக் கடன் கொடுத்த மாதிரி என்று உங்கள் வேதத்தில் ஏதோ உண்டு என்று பள்ளியில் சாமியார் சொல்வார். வட்டித் தொழில் பார்த்த வம்சம், அது மட்டும் மறக்கவில்லை.

#11 தேவகோட்டை டீச்சர் | திங்கள், காலை 8.05

நீதிமொழிகள் 19:17 அண்ணே. "ஏழைக்கு இரங்குகிறவன் கர்த்தருக்குக் கடன் கொடுக்கிறான்." வட்டி எவ்வளவு என்று போடவில்லை.

#12 மகமை | திங்கள், காலை 8.09

வட்டி போடாத பத்திரமா! எங்கள் ஐயா கையெழுத்துப் போட்டிருக்க மாட்டார்.

#13 மூன்றாம் வருஷ மாணவன் | திங்கள், மதியம் 2.40

மதுரையில் இறையியல் படிக்கிறேன், சொந்த ஊர் கண்டனூர். நீளமாகிவிடும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

புதிய ஏற்பாட்டில் கிறிஸ்தவனுக்குப் பத்தில் ஒன்று என்று கட்டளை எங்கும் இல்லை. மத்தேயு 23:23இல் இயேசு தசமபாகத்தைப் பற்றிப் பேசுகிறார், ஆனால் பேசுவது பரிசேயரிடம். ஒற்தலாமிலும் (புதினா) வெந்தயத்திலும் சீரகத்திலும் பத்தில் ஒன்று எண்ணிவிட்டு நீதியையும் இரக்கத்தையும் விசுவாசத்தையும் விட்டுவிட்டீர்கள் என்கிறார். நம்ம ஊர் அஞ்சறைப் பெட்டியைத் திறந்து சீரகத்தை எண்ணுகிற ஆளைக் கற்பனை செய்துகொள்ளுங்கள், கோபம் புரியும். "இவைகளையும் செய்யவேண்டும், அவைகளையும் விடாதிருக்கவேண்டும்" என்று அதே வசனம் முடிவதால் ஆட்டோ அண்ணன் பக்கமும் பாயிண்ட் இருக்கிறது.

தசமபாகம் சபையில் கட்டாயமானது பிற்காலத்தில். 585இல் பிரான்சின் மாகோன் நகரத்தில் கூடிய ஆயர்கள் சங்கம், கொடுக்காதவர்களைச் சபையை விட்டு விலக்கலாம் என்றது. 779இல் பிராங்கு அரசர் சார்லமேன் அதை அரசாங்கச் சட்டமாக்கினார். அப்புறம் அது வரியாகி, ஏழைக் குடியானவனிடமே பிடுங்குவதாகி, பிரெஞ்சுப் புரட்சி 1789இல் ஒழித்தது. ஏழைக்குக் கொடுக்க ஆரம்பித்தது ஏழையிடம் வாங்குவதில் போய் நின்றது.

எனக்குப் பிடித்த கணக்கு மெதடிஸ்ட் இயக்கத்தைத் தொடங்கிய ஜான் வெஸ்லியுடையது. ஆக்ஸ்போர்டில் இருந்தபோது வருஷ வருமானம் 30 பவுன். 28இல் வாழ்ந்து 2 கொடுத்தார். அடுத்த வருஷம் 60 வந்தது; 28இலேயே வாழ்ந்து 32 கொடுத்தார். பிறகு 90, 120 என்று ஏறியபோதும் அவர் செலவு 28 பவுன்தான். எவ்வளவு கொடுப்பது என்று அவர் முடிவு செய்யவில்லை, எவ்வளவு போதும் என்று முடிவு செய்தார். வேதத்தில் வரி வசூல்காரன் சகேயு தன் சொத்தில் பாதியை ஏழைகளுக்குக் கொடுக்கிறேன் என்றான். ஓரியூரில் 1693இல் விசுவாசத்துக்காகத் தலையைக் கொடுத்த அருளானந்தர் (ஜான் தே பிரித்தோ) லிஸ்பன் அரண்மனையில் வளர்ந்தவர். இவர்களுக்குப் பக்கத்தில் என் உதவித்தொகையில் பத்தில் ஒன்றை வைத்துப் பார்த்தால் எனக்கே கூச்சமாக இருக்கிறது.

அம்மா மாத்திரை விஷயம்: மாற்கு 7இல் "கொர்பான்" என்று வரும். உனக்குச் செய்ய வேண்டியதைக் காணிக்கையாக நேர்ந்துவிட்டேன் என்று சொல்லிப் பெற்றோரைக் கைவிடுகிறவர்களை இயேசு கண்டிக்கிறார். ஆகவே மாத்திரையை நிறுத்திக் காணிக்கை கொடுக்கக் கூடாது. அதற்காக மாத்திரையையே காணிக்கை என்று எழுதிக்கொள்வதும் சரியாகப் படவில்லை. அது அம்மா, ஏழை இல்லை.

#14 உண்டியல் எண்ணுபவன் | திங்கள், இரவு 8.15

ஏழை விதவை தன்னிடமிருந்த இரண்டு காசையும் காணிக்கை போட்ட வேதக் கதையை மாணவத் தம்பி சொல்லாமல் விட்டதே பெரிய காரியம். நான் 15 வருஷமாக ஞாயிறு காணிக்கை எண்ணுகிற குழுவில் இருக்கிறேன். எட்டாக மடித்த பத்து ரூபாய் நோட்டு வரும், பிரிக்கவே இரண்டு கை வேண்டும். பூக்கட்டுகிறவர்களுடையது என்றால் நாரும் மல்லிகை வாசமும் ஒட்டியிருக்கும். அந்த நோட்டுகளின் எண்ணிக்கை விலைவாசியோடு கூடக் குறைய ஏறி இறங்கும். ஏறாமல் இறங்காமல் நிற்பது நூறு ரூபாய் நோட்டுகள்தான். நான் சேர்ந்த வருஷம் நூறு போட்ட பெரிய குடும்பங்கள் இன்றைக்கும் நூறே போடுகின்றன. அன்றைக்கு அது ஒரு நாள் மளிகை. இன்றைக்கு இரண்டு பேர் டிபன் சாப்பிட முடியாது.

இன்னொன்று. வந்த காசில் ஏழைக்கு எவ்வளவு போகிறது என்பதையும் கேளுங்கள். எங்கள் கணக்கில் சம்பளம், கரண்டு, கட்டட நிதி, மேலே அனுப்புவது எல்லாம் போய், "தர்மம்" என்ற வரியில் நிற்பதைப் பார்த்தால் வெட்கமாக இருக்கும். வருஷக் கூட்டத்தில் கேட்டேன். அடுத்த வருஷம் என்னைத் தேர்தலில் நிறுத்தவில்லை, எண்ணுவதற்கு மட்டும் கூப்பிடுகிறார்கள்.

#15 உண்மை விசுவாசி 777 | திங்கள், இரவு 11.58

சிலைக்கு முன் உண்டியல் வைக்கிறவர்கள் தசமபாகம் பற்றிப் பேச

[விதிமீறல் காரணமாக மிச்சம் நீக்கப்பட்டது. - மட்டுறுத்துநர்]

#16 மட்டுறுத்துநர் | செவ்வாய், காலை 6.10

சபைச் சண்டைக்குத் தனி இழை இருக்கிறது. அங்கே யாரும் போவதில்லை என்பதற்காக இங்கே வராதீர்கள்.

#17 கொட்டான் கடைசித் தெரு | செவ்வாய், மாலை 4.45

நான் இதுவரை வாசித்ததோடு சரி, எழுதியதில்லை. மகள்தான் டைப் பண்ணித் தருகிறாள். கொட்டான் முடைவேன், காலையில் இரண்டு வீட்டில் வேலை பார்ப்பேன். ஒரு வீடு நல்ல விசுவாசமான குடும்பம். தசமபாகம் தவற மாட்டார்கள், அந்த அக்கா பீரோவைத் திறந்து உறையை எடுப்பதை நானே பார்த்திருக்கிறேன். ஆறு வருஷம் வேலை பார்த்தேன், மாதம் 2,000. ஒரு தடவைகூட ஏற்றிக் கொடுக்கவில்லை. கேட்டால், "கிறிஸ்துமஸுக்குச் சேலை எடுத்துக் குடுத்தோம்ல, போன மாசம் உன் மகளுக்கு நோட்டு வாங்கிக் குடுத்தோம்ல" என்பார்கள். எனக்குச் சேர வேண்டியதைப் பிடித்து வைத்துக்கொண்டு அதிலேயே எனக்குத் தர்மம் செய்தார்கள் என்று இந்த இழையை வாசிக்கும்போதுதான் தோன்றியது.

யாக்கோபு 5:4 என்று மகள் எடுத்துக் கொடுத்தாள். வயலை அறுத்தவர்களின் கூலி கூக்குரலிடுகிறது என்று இருக்கிறது. நான் கூக்குரல் எல்லாம் போடவில்லை. நின்றுவிட்டேன்.

எத்தனை சதவீதம் என்று நீங்கள் பேசுகிறீர்கள். கூலியைச் சரியாகக் கொடுத்துவிட்டு மிச்சத்தில் எத்தனை சதவீதம் என்று பேசினால் நல்லது.

#18 ஓய்வுபெற்ற கணக்கர் | செவ்வாய், மாலை 5.20

அம்மா, 40 வருஷம் கணக்கு எழுதியிருக்கிறேன். முதலில் கொடுக்க வேண்டிய பாக்கி, அப்புறம்தான் தர்மம். பாக்கியைத் தர்மத்தில் எழுதினால் அதற்குப் பெயர் பொய்க் கணக்கு. இந்த இழையில் அதை நான் முதலில் சொல்லியிருக்க வேண்டும்.

#19 செக்காலை ரோட்டான் | வியாழன், இரவு 9.30

இரண்டு நாளாக வீட்டில் இதுதான் பேச்சு. #17ஐ வீட்டம்மாவிடம் வாசித்துக் காட்டினேன். அவள் ஒன்றும் பேசாமல் எழுந்து போய்க் காலண்டரைப் புரட்டினாள். எங்கள் வீட்டுக்குப் பாத்திரம் விளக்க வருகிற அக்காவுக்கு 1,800. கடைசியாக ஏற்றியது சின்னவன் பிறந்த வருஷம். அவன் இப்போது ஒன்றாம் வகுப்பு. போன வாரம் நான் மல்கியாவுக்குப் பயந்துகொண்டு உட்கார்ந்திருந்தபோது இது ஞாபகத்துக்கே வரவில்லை.

இந்த மாதத்திலிருந்து 3,000. தசமபாகத்தில் எழுத மாட்டேன், கணக்கர் ஐயா கவலைப்பட வேண்டாம். அம்மா மாத்திரையையும் எடுத்துவிட்டேன். சபைக்கு 1,500 ஆக்கியிருக்கிறேன். உறையில் பெயர் எழுதவில்லை, அதற்கு ஏதாவது சொல்வார்கள், பார்க்கலாம். வாசலில் கொடுப்பதற்கு மாதம் 700 தனி டப்பாவில். கூட்டிப் பார்த்தால் 2,200 வருகிறது, ஆறு சதவீதத்தைக்கூடத் தொடவில்லை. கடன் தீரும் வரை இவ்வளவுதான் முடியும் என்று நினைக்கிறேன். அப்படி நினைப்பது நியாயமா, சாக்கா என்று எனக்கே தெரியவில்லை. ஆட்டோ அண்ணன் 3 ரூபாய் போட்டதை நினைத்தால் சாக்குதான்.

டீச்சர் சொன்ன பிடியரிசியை வீட்டம்மா ஆரம்பித்துவிட்டாள். அளந்ததிலிருந்து. பெரியவள் தினமும் ஞாபகப்படுத்துகிறாள், கைப்பிடி சின்னக் கை என்பதால் தானே போடுவேன் என்று இரண்டு தடவை போடுகிறாள்.

#20 ஆட்டோ சாட்சி | வியாழன், இரவு 9.52

பிரதர், முதல் வாரத்திலேயே என்னை வைத்து உங்களை அளக்காதீர்கள். எனக்கு வீட்டுக் கடன் இல்லை. வாடகை வீடு.

#21 செக்காலை ரோட்டான் | (மூன்று வாரம் கழித்து) ஞாயிறு, மாலை 5.05

டீச்சர், ஒரு சின்னச் சந்தேகம். பிடியரிசி டப்பா முக்கால்வாசி நிறைந்துவிட்டது. இன்றைக்குத் திறந்தால் வண்டு. என்ன செய்வது?

#22 தேவகோட்டை டீச்சர் | ஞாயிறு, மாலை 5.40

வெயிலில் ஒரு முறத்தில் பரப்பிப் புடைத்து எடுங்கள், போய்விடும். டப்பாவில் இரண்டு துண்டு வசம்பு போட்டு வையுங்கள், காய்ந்த வேப்பிலையும் போடலாம். ஆனால் தம்பி, மூன்று வாரம் ஏன் வைத்திருந்தீர்கள்? அப்பத்தா கொட்டானில் வண்டு வந்து நான் பார்த்ததே இல்லை. சனிக்கிழமை ஆனால் காலி.

#23 செக்காலை ரோட்டான் | ஞாயிறு, மாலை 5.44

நிறையட்டும், மொத்தமாகக் கொடுக்கலாம் என்று இருந்தேன்.

#24 கொட்டான் கடைசித் தெரு | ஞாயிறு, இரவு 7.15

டப்பா வேண்டாம் தம்பி, மூடி வைத்தால் புழுங்கும். ஓலைக் கொட்டான் சின்னது ஒன்று முடைந்து தருகிறேன், வாரம் ஒரு படிதான் பிடிக்கும். 150 ரூபாய். பேரம் பேசக் கூடாது.